கூர்ப்பல்லுக்கு வைத்த பெயர்

தார்நாகா, ஹைதராபாத்
14 ஜூலை 2024

அன்புள்ள ஃபெலிக்ஸ் அவர்களுக்கு,

வசந்தகுமாரி எழுதுவது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று உங்கள் மகள் வாட்ஸப்பில் சொன்னாள். கனடா வெயிலில் கண்ணைக் கசக்காமல் இருங்கள். இதையும் வாட்ஸப்பிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் உங்களுக்கு அவள்தான் வாசித்துக் காட்டுகிறாளாம். இது நீங்களே படிக்க வேண்டிய விஷயம். அதனால்தான் சின்னப் பிள்ளை மாதிரி பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. என் கணவர் சுதர்சன் போய் மூன்று வருஷம் ஆகிறது. முழங்கால் வலி இருக்கிறது, வாயும் குறையவில்லை. நாம் மண் சலித்த ஆய்வகக் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் இப்போது சோலார் தகடு போட்டிருக்கிறார்கள்.

அந்த 1987 ஞாபகம் இருக்கிறதா? கட்ச்சிலிருந்து பதினொரு மூட்டைக் களிமண்ணோடு செகந்திராபாத்தில் இறங்கினோம். மூட்டையில் என்னவென்று கேட்ட போர்ட்டரிடம், ஐந்து கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் என்றீர்கள். அப்படியானால் கூலி அதிகம் என்றார் அவர். என் மாவுச் சல்லடையைப் பிடுங்கி அந்தக் கடலைச் சலித்தீர்கள். புதிது வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள், இன்னும் தரவில்லை. மிஞ்சிய பொடியை மைக்ராஸ்கோப்பின் கீழே பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் திருக்கை மீனின் கல்லாகிப்போன பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். எள்ளளவுதான் ஒவ்வொன்றும். பாதி தட்டையாக இருந்தன, பாதி ரோஜா முள்போல் கூராக இருந்தன.

தட்டைப் பல்லின் இனத்துக்கு முன்பே யாரோ பெயர் வைத்திருந்தார்கள். கூர்ப்பல் அதே இனத்துடையதா, வேறா என்று பார்க்க மோண்டா மார்க்கெட்டுக்குப் போனோம். மீன் நாற்றம் தாங்காமல், முழு மீனை வண்டியில் ஏற்ற விடமாட்டேன் என்று நான் அடம் பிடித்தேன். மீன்காரர் எதற்கு என்று உருதுவில் கைக்கு, கைக்கு எனக் கேட்டுக்கொண்டே நான்கு திருக்கைகளின் வாயை மட்டும் வெட்டிக் கொடுத்தார். நான்கிலும் தட்டைப் பற்கள்தான். ஆகவே கூர்ப்பல் புது இனம் என்று முடிவு கட்டினோம். முழு மீனாக இருந்திருந்தால், தூத்துக்குடிக்காரர் நீங்கள் வாலடியைப் பார்த்த மாத்திரத்தில் நான்கும் பெண் என்று சொல்லியிருப்பீர்கள். ஆணின் பல் வேறாக இருக்குமோ என்று நமக்கும் சந்தேகம் தட்டியிருக்கும். அந்தத் தப்பு என்னுடையது.

அந்தப் புது இனத்துக்கு நீங்கள் என் பெயரை வைத்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 89 பிப்ரவரியில் என் கல்யாண வரவேற்புக்கு வந்து, அச்சான கட்டுரையைப் பழுப்பு உறையில் போட்டு என் கையில் கொடுத்தீர்கள். சாப்பிடாமலே கிளம்பிவிட்டீர்கள். இரண்டு மாதத்தில் கனடாவுக்கும் போய்விட்டீர்கள். கும்பகோணத்தில் அப்பாவிடம் உங்களைப் பற்றிப் பேச எனக்கு ஏன் தைரியம் வரவில்லை என்று நீங்கள் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை.

இப்போது சொல்ல வந்தது வேறு. நீங்கள் போன மறுமாதம் கடைசி மூட்டையைச் சலித்தேன். நகக்கண் அளவு தாடைத்துண்டு ஒன்று கிடைத்தது. முன்வரிசையில் தேய்ந்த தட்டைப் பற்கள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், அதே தாடையில், புதிதாக முளைத்த கூர்ப்பற்கள். இணை சேரும் பருவத்தில் ஆண் திருக்கைக்குத் தட்டைப்பல் விழுந்து கூர்ப்பல் முளைக்கும் என்று பிற்பாடு படித்தேன். படிக்காமலே அன்றைக்குப் புரிந்துவிட்டது. இரண்டும் ஒரே மீன். விதிப்படி, தட்டைப்பல்லுக்கு முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், என் பெயர் போய்விடும்.

அந்தத் துண்டை நான் பதிவேட்டில் சேர்க்கவில்லை. ஒரு பிலிம் ரோல் டப்பாவில் போட்டு வீட்டு பீரோவில் வைத்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் அங்கேயே இருந்தது. உங்கள் தவற்றை மறைக்கத்தான் வைத்தேன் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். உண்மையில், நீங்கள் எனக்குக் கொடுத்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஆய்வகத்தில் ஹம்ஸினி என்ற பெண் நம் பற்களை மறுபடி பார்க்கிறாள். கெட்டிக்காரி. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். இரண்டும் ஒரே இனமாக இருக்கலாம், ஆனால் ஆதாரம் இல்லாமல் எழுத முடியவில்லை, இரண்டு வருஷ வேலை வீணாகிவிடும் என்று போன வாரம் என்னிடம் வந்து வருத்தப்பட்டாள். காபி கொடுத்து அனுப்பினேன். அன்று முழுக்க பீரோ இருந்த அறைக்குள் நான் போகவில்லை.

வரும் புதன்கிழமை அந்த டப்பாவை அவளிடம் கொடுக்கப் போகிறேன். இத்தனை நாள் ஒளித்து வைத்ததையும் சேர்த்தே சொல்வேன். கட்டுரை வந்தால் உங்களிடமும் நாலு பேர் கேட்பார்கள். அதற்கு முன்னால் என் வாயால் உங்களுக்குத் தெரிய வேண்டும். கோபம் வந்தால் திட்டுங்கள். என்மேல் உங்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அதுவே எனக்கு ஒரு குறை.

சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளோடு நூறு வயது இருங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் கூர்ப்பல்லோடு நீங்கள் பச்சை மையில் பெயர் எழுதி வைத்த சீட்டு இன்னும் ஆய்வகத்துப் பெட்டியில் இருக்கிறது. அதை எனக்குத் தர விதியில் இடமில்லையாம். கண் தெளிந்ததும் ஒரு துண்டுத் தாளில் அந்தப் பெயரை இன்னொரு முறை எழுதி அனுப்புங்கள். தப்பென்று தெரிந்த பிறகும் உங்களுக்கு எழுதத் தோன்றினால் மட்டும்.

இப்படிக்கு,
வசந்தகுமாரி