மீனை முகர்ந்த பிளாஸ்டிக்

1997 ஜூலை 12, சனிக்கிழமை.

மூன்று வருடமாக ஆய்வுக்கூடத்தில் நான் செய்துவரும் பச்சைப் படலம், நுண்ணிய ஆக்சைடுத் துகள்கள் கலந்த ஒரு பிளாஸ்டிக். ஆனால் அதில் மின்சாரம் ஓடும். அதனால் யாருக்கு என்ன பயன் என்று திங்கட்கிழமை சொல்லாவிட்டால் ஆய்வுத் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார் பேராசிரியர். கெட்டுப்போகும் மீனிலிருந்து அம்மோனியா வரும் என்று படித்திருந்தேன். காலையில் படலத்தையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு கடலோர நொச்சிக்குப்பம் போனேன்.

மீன் விற்கும் செல்வியக்கா சிரித்தார். "பிளாஸ்டிக்ல கரண்டு போவுமா? இன்னாம்மா சொல்ற?"

டப்பா மூடியின் உள்பக்கம் படலத்தை ஒட்டி, மீட்டரோடு இணைத்து, அன்று பிடித்த மீனை வைத்து மூடினோம். மீட்டர் முள் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. நேற்றைய மீனை வைத்ததும், அம்மோனியா பட்டு மின்சாரம் குறைய, முள் மெல்ல இறங்கியது. திறந்து பார்த்தால் பச்சை நீலமாகியிருந்தது. கடல்காற்று பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை திரும்பியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் செய்த பொருள்தான், ஆனாலும் உடம்பு சிலிர்த்தது.

"நேத்து மீனான்னு கேட்டு தெனம் சண்ட போடறாங்க கண்ணு. இத்த காட்டுனா நம்புவாங்க இல்ல?"

மீட்டரே தேவையில்லை, நிறம் போதும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படலத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.