டெசர்ட்டின் வாசலில் பள்ளம் வெட்டிவிட்டார்கள், லூர்து

கல்லறைக்குள் போன பிறகும் என் பேச்சைப் பொறுத்துக்கொள்கிற ஒரே மனுஷனுக்கு, என் ஆசை மச்சான் லூர்துவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீதான் சாட்சி. மர்பி டவுன் முனைக் கடையில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, "பாரு மச்சான், ஒரு நாள் நம்ம டெசர்ட்டுக்கும் கேட்டு போடுவானுங்க" என்று சொன்னேனா இல்லையா? ஜேசிபி வரும், பள்ளம் வெட்டும், பலகை நடுவார்கள் என்று வரிசை மாறாமல் சொன்னேன். பலகையில் எழுத்துப் பிழை இருக்கும் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான். ஆனால் அந்த எட்டாவதிலேயே பத்தாவது பையன்கள் என்னிடம் வந்துதான் சந்தேகம் கேட்பார்கள்.

பலித்துவிட்டது, லூர்து. பலித்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜீவனஹள்ளி முழுக்க ஒரு சுற்று வரலாம் என்று இருந்தேன். இப்போது என் மெக்கானிக் கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் குனிந்து உள்ளே நுழைகிறேன். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி மேரி, கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். அதையே தொடாமல் மூடி வைத்துவிட்டேன் என்றால் என் நிலைமையை நீயே யோசித்துக்கொள்.

உன் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு உன் மகள் ஷீலா ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறாள். "மாமா, அப்பாவுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம். ரெண்டு பக்கம்னா ரெண்டே பக்கம்" என்றாள். நாளைக் காலையில் வாங்கிப் போக வருகிறாள். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இடத்தைப் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஹொஸகோட்டே தாண்டி உள்ளே போனால், மாடு மேய்க்கவென்று சர்க்கார் விட்ட பொது நிலம் ஒன்று இருக்கிறது. கன்னடத்தில் கோமாளா என்பார்கள். செம்மண், பாறை, முள். மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். நீதான் அதற்கு டெசர்ட் என்று பெயர் வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், மண்ணைக் கவ்வுகிற பட்டன் டயர் மாட்டிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். என் வண்டி சத்தத்துக்கு கோலாரில் நாய் குரைக்கும்.

முப்பது வருஷம் ஓட்டினோம். டிக்கெட் கிடையாது, மெம்பர் கார்டு கிடையாது. இன்றைக்கு அங்கே வருகிற கூட்டத்தில் கூரியர் வண்டிக்காரன் இருக்கிறான், ஒரு நர்ஸ் அம்மா இருக்கிறாள், பஸ் கண்டக்டர் இருக்கிறார், பள்ளிக்கூட டீச்சர் ஷீலா இருக்கிறாள். வாரம் முழுக்க டிராபிக்கில் ஒரு காலைத் தரையில் ஊன்றியே வண்டி ஓட்டுகிற ஜனம். அங்கே போய்த்தான் இரண்டு காலையும் தூக்குகிறார்கள்.

நீ விதி போட்டாய். ஹெல்மெட் இல்லாதவனுக்கு உள்ளே வேலை இல்லை. ஆடு குறுக்கே வந்தால் இன்ஜினை அணைக்க வேண்டும். ஆள்காட்டிக் குருவி தரையில் முட்டை வைத்திருந்தால் சுற்றிலும் கல் அடுக்கிவிட்டு, குஞ்சு நடக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் டயர் படக்கூடாது. எனக்கே அபராதம் போட்டாயே, ஒரு மாசம் எல்லார் வண்டிக்கும் செயின் துடைக்கச் சொல்லி!

நீ போன பிறகு ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வண்டிகளால் ஆபத்து, ஆகையால் கோமாளாவில் வண்டிகளுக்குத் தடை போட உத்தேசம், ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று. ஷீலா உட்கார்ந்து கன்னடத்தில் மனு எழுதினாள். உன் விதிகளை ஒன்று விடாமல் போட்டு, விதி போட்ட நாளிலிருந்து ஒருவருக்கும் பெரிய அடி பட்டதில்லை என்று முடித்திருந்தாள். அந்தக் கடைசி வரியில்தான் எங்கள் உயிரே இருந்தது.

கூட்டத்துக்குப் போகிற வழியிலேயே எச்சரித்தாள். "மாமா, நான் பேசிக்கிறேன். நீங்க வணக்கம் மட்டும் சொல்லுங்க."

"வணக்கம் சொல்றதுக்கா இவ்ளோ தூரம் கூட்டினு வந்த?"

"ஆமா. முக்கியமா கால் கதை வேணாம். கையெடுத்துக் கும்பிடறேன், கால் கதை மட்டும் வேணாம்."

அந்தோணியார் மேல் சத்தியம் செய்தேன்.

பஞ்சாயத்து ஆபீஸில் தாலுக்காவிலிருந்து வந்த மேடம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டைப் அடிக்கிற கிளார்க். ஷீலா நிதானமாகப் படித்தாள். மேடம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் என்னைப் பார்த்து, "முப்பது வருஷமா போறீங்களாமே, அப்படி என்னதான் இருக்கு அந்த இடத்துல?" என்று கன்னடத்தில் கேட்டார்.

என்ன இருக்கா? நீயே சொல், அப்படிக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

பனைமர உயரத்துக்குச் சரிவு இருக்கிறது என்றேன். "ஆமேலே?" என்றார். அப்புறம் என்று கேட்கிறார், கதை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மிலிட்டரி ஜீப்பே உருண்டிருக்கிறது என்றேன். "ஆமேலே?" பாதிச் சரிவில் பிரேக் பிடித்தவன் பிழைத்ததே இல்லை என்றேன். "ஆமேலே?" அதற்குமேல் அந்தோணியாராலும் என்னைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கால் கதை வந்துவிட்டது. சரிவில் நான் பறந்தது, மூன்று இடத்தில் எலும்பு முறிந்தது, நீ என்னைத் தோளில் போட்டுக்கொண்டு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஐந்து கிலோமீட்டர் நடந்தது. கிளார்க்கின் விரல் நிற்கவே இல்லை. பின்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள். நீ இருந்திருந்தால் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் நீ அப்படித்தானே செய்வாய்?

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பொண்ணு சொன்ன விதியெல்லாம் சரி. ஆனா இடமே ஆளை முறிக்கிற இடம்னு நீங்களே சொல்றீங்களே, ஸார்" என்றார்.

வெளியே வந்தோம். ஷீலா திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "ஏறுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான். வீடு வரைக்கும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரமே ஜேசிபி வந்து வாசலில் பள்ளம் வெட்டிவிட்டது. முடிவு வரும் வரைக்கும் தற்காலிகத் தடையாம். இடுப்பளவு ஆழம். நரசம்மாவை உனக்குத் தெரியுமே, தினமும் அங்கே ஆடு மேய்க்கிறவள், அவள் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனப்பா சேவியரு, பள்ளத்தை உன் வாயில இல்ல வெட்டியிருக்கணும்? என் ஆடு என்ன தப்பு பண்ணுச்சு, சுத்தினு வரதுக்கு?"

"ஆட்டுக்கு வழி விடச் சொல்றேன், நரசம்மா. மேடம் நம்ம பேச்சைக் கேக்கும்."

"கேட்டுதான் வெட்டிச்சு!"

நேற்று மேடம் இடத்தைப் பார்வையிட வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. நேராக என்னிடம் வந்து, "எந்த இடத்துல கால் முறிஞ்சுது? காட்டுங்க" என்றார். எல்லாரும் என் விரலைப் பார்க்கிறார்கள், லூர்து. சரிவின் பாதியில் ஒரு பாறையைக் காட்டினேன். கிளார்க் அதில் சிவப்புப் பெயின்ட்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பெயின்ட் காய்வதற்குள் நரசம்மா, "இங்கயா? எப்போ? நான் பாக்கலயே" என்றாள்.

"நீ அன்னிக்கு வரல."

"நான் வராத நாளு ஏது? புருஷன் செத்த மூணாம் நாளே ஆடு ஓட்டினு வந்தவ நானு."

எனக்கு வேர்த்த வேர்வையில் ஒரு குளம் ரொம்பியிருக்கும். மேடம் என் பக்கம் திரும்பினார். "சர்க்காருக்கு முன்னால கொடுத்த வாக்குமூலம் இது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிச் சீட்டோட வந்து கையெழுத்துப் போடுங்க. ரிப்போர்ட் அன்னிக்கே மேலே போயிடும்" என்றார். மேலே போனால் நிரந்தரப் பூட்டு என்று கிளார்க் என் காதில் சொன்னார்.

ஷீலா உடனே, "சீட்டு அப்பா பெட்டியில இருக்கும் மேடம். அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார். ஞாயித்துக்கிழமை தேடி எடுத்துடறேன். அது விதி போடறதுக்கு முந்தின சங்கதின்னு தேதியைப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

எதற்கெல்லாம் பயப்படுகிறேன் என்று கேள். பூட்டிவிட்டால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? ரிங் ரோட்டுக்குப் போவார்கள், லாரிகளுக்கு நடுவில் முன்சக்கரத்தைத் தூக்குவார்கள். அங்கே செம்மண் இல்லை விழுந்தால் தாங்க. பொய் வாக்குமூலம் என்று என்னைப் பிடித்து உள்ளே போட்டால் மேரி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவாள்? நேற்று அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்ததிலிருந்து கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கால் கதையை இப்போது என்னைவிட ஷீலா நன்றாகச் சொல்வாள். மூன்றாவது படிக்கும்போது 'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொன்னால் அதைத்தான் எழுதினாள். உன் அடக்கத்தன்று சவப்பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எங்கப்பா ஒரு மனுஷனைத் தோள்ல போட்டு அஞ்சு கிலோமீட்டர் நடந்தவர்" என்று சொன்னாளே. சாமியார் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன். அவள் சொன்ன அழகில் ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன்.

உன்னிடம் கேட்காமல் எப்படி அவிழ்ப்பது? இது என் ஒருவன் பொய்யாக இருந்தால் எப்போதோ துப்பியிருப்பேன். இதில் உன் பெயரும் இருக்கிறதே. நீ கோபித்துக்கொள்வாயா, இல்லை அன்றைக்கு மாதிரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாயா?

பனைமரம் இல்லை, நம் வீட்டு மாடி உயரம்தான் சரிவு. மிலிட்டரி ஜீப் அந்தப் பக்கமே வந்ததில்லை. கோலார் நாய்கள்கூடச் சும்மா சேர்த்தது. அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கால் கதை அப்படி இல்லை.

ஷீலா கண்ணு, நாளைக்கு இதை முதலில் படிக்கப்போகிறவள் நீதான். உட்கார்ந்து படி.

என் கால் டெசர்ட்டில் முறியவில்லை. என் கடை வாசலில் முறிந்தது. ஓடாத வண்டி. வேலை முடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்து, சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டதாக நினைத்துக் கையை விட்டேன். சாய்ந்து கால் மேல் விழுந்தது. ஒரே இடத்தில்தான் முறிந்தது. மெக்கானிக் என்று போர்டு மாட்டியவன் நின்ற வண்டியில் காலை உடைத்துக்கொண்டான். உன் அப்பா எதிர்க்கடையில் இருந்து ஓடி வந்து, முதலில் சிரித்தார், பிறகு வண்டியைத் தூக்கினார், ஆட்டோ பிடித்தார். என் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அது சத்தியம். "யார்கிட்டயும் சொல்லாதடா, என் பொழப்பு போயிடும்" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "சரிவுல விழுந்தேன்னு சொல்லுடா. நான் தூக்கினு வந்தேன்னு சேத்துக்கோ, எனக்கும் ஒரு பேரு இருக்கட்டும்" என்றார். ஐந்து கிலோமீட்டர் நான் பிறகு போட்டது. முதலில் அரைதான் இருந்தது. டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டார், சீட்டில் அதுதான் எழுதியிருக்கும். வேறு ஒருவரிடமும், கட்டின பெண்டாட்டியிடம்கூட, சாகும் வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மேடம் முன்னால் நின்று, கிளார்க் டைப் அடிக்க, இதையே கன்னடத்தில் சொல்வேன், லூர்து. "ஆமேலே?" என்று எத்தனை முறை கேட்டாலும் ஒரு வார்த்தைகூட அதிகமாகப் போட மாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன். உள்ளே போட்டால் போடட்டும், மர்பி டவுனே சிரித்தால் சிரிக்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது.

நீ தூக்காமலே தூக்கிவந்த,
உன் மேரியின் அண்ணன்,
உன் மச்சான் சேவியர்