ஒன்பதாம் கோடு

பிப்ரவரி 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நீங்கள் செய்த தவறு. மண்ணுக்குள் மின்சாரம் விட்டு அளந்த ஒன்பதாம் கோட்டின் அடியில் கெட்டிப் பாறை இருக்கிறது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அங்கே இருப்பது பாறை இல்லை, காற்று.

அந்தக் கையெழுத்தை நம்பி எங்கள் தீவு மேட்டின்மேல் பள்ளிக்கூடம் கட்டித் திறந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் எழும்பிவிட்டது. மேற்குக் கரையைக் கடல் தின்றுகொண்டிருப்பதால் அங்கிருக்கும் அறுபத்திரண்டு குடும்பங்களையும் இதே மேட்டுக்குத்தான் கொண்டுவரப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் தினமும் நிற்பவள் என் மகள், உங்கள் மனைவி. இதை நான் உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருப்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடப் படியிலிருந்து இருபது எட்டு நடந்தால், புதருக்குள் ஒரு துளை இருக்கிறது. என் முஷ்டி நுழையும். கடல் ஏறும்போது அது ஊதுகிறது, இறங்கும்போது உறிஞ்சுகிறது. பழைய சட்டைத் துணியைக் கிழித்துக் குச்சியில் கட்டி வைத்துப் பதினோரு மாதமாக நோட்டில் குறித்து வருகிறேன். கடல் ஏறும் நேரமெல்லாம் துணி மேலே பறக்கிறது. இறங்கும் நேரமெல்லாம் துளைக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. அடியில் கடல் வந்து போகிறது, தன் தலைமேல் இருக்கும் காற்றைத் தள்ளி இழுக்கிறது. அவ்வளவு காற்று தங்க வேண்டுமென்றால் ஒரு பெரிய அறை இருக்க வேண்டும். இதைச் சொல்லப் பட்டம் வேண்டாம், மூக்கு போதும்.

மின்தடை அளவுகளெல்லாம் அதிகமாகத்தானே வந்தன என்பீர்கள். வந்தன. பாறையும் மின்சாரத்தைச் சுலபமாக விடாது, காற்றும் விடாது. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். நீங்கள் எங்கள் வீட்டில் விட்டுப்போன புத்தகத்தில், நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

முளைகளைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். உங்கள் அலுவலகத்துக்கு இருபத்தாறு வருடம் இரும்பு முளை அடித்துக் கேபிள் இழுத்தவன் நான். ஒன்பதாம் கோட்டில் ஒரு அளவுகூடக் குதிக்கவில்லை என்று நீங்களே பாராட்டினீர்கள்.

போனில் சொன்னால் "சரி மாமா, பார்க்கிறேன் மாமா" என்பீர்கள். கடிதம் என்றால் ஃபைலில் போட்டாக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். மார்ச் பத்தாம் தேதி தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறார்கள். இரண்டு லட்சம் லிட்டர், அதாவது இருநூறு டன். அதற்குள் பதில் வேண்டும்.

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

மாமனார்


பிப்ரவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் தேவலை. நூற்றுப் பதினேழாம் பக்கத்தை நானும் எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பக்கத்தோடு நாங்கள் நின்றுவிடவில்லை. கருவி சொன்னதை நம்பாமல் அதே கோட்டில் இரண்டு இடத்தில் ஆழ்துளை போட்டோமே, பதினான்காம் முளையிலும் பதினெட்டாம் முளையிலும். பதினெட்டு மீட்டர்வரை கெட்டிச் சுண்ணாம்புப் பாறை. அது காற்றாக இருந்திருந்தால் துளைக்கருவி கையை விட்டுப் போயிருக்கும்.

ஊதும் துளைகள் இந்த மாதிரித் தீவுகள் பலவற்றில் உண்டு. பாறைக்குள் ஓடும் சின்னச் சின்ன வெடிப்புகள் போதும். உங்கள் கடிதத்தை மேலதிகாரியிடம் காட்டினேன். "உன் மாமனார் இன்னும் ரிட்டையர் ஆகலையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

உங்களுக்குக் கவலை வேண்டாம். அவள் அங்கே நிற்கும்போது எனக்கு மட்டும் அக்கறை இல்லையா? வெயிலில் துளைக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். அவள் வருத்தப்பட்டு எழுதியிருந்தாள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 19

மாப்பிள்ளைக்கு,

சிரித்ததை எழுதியதற்கு நன்றி. மறைத்திருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும்.

நடந்ததைக் கேளுங்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கடல் இறங்க ஆரம்பித்தது. துளை உறிஞ்சும் நேரம். ஈரத் தழையைத் தகரத்தில் போட்டுக் கொளுத்தித் துளை வாயில் வைத்தேன். நான்கு மணி நேரம் புகையைக் குடித்தது, மாப்பிள்ளை. ஒரு இழைகூட வெளியே வரவில்லை. சின்னச் சின்ன வெடிப்பு என்றீர்களே, அது இவ்வளவு குடிக்குமா?

பகல் ஒரு மணிக்குக் கடல் திரும்பி ஏறியது. இரண்டு மணிக்கு மூன்றாம் வகுப்பில், கரும்பலகைக்குக் கீழே தரையும் சுவரும் சேரும் இடத்திலிருந்து புகை வந்தது. அங்கே மயிர்போல ஒரு விரிசல். பிள்ளைகள் "நெருப்பு, நெருப்பு" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தன. உங்கள் மனைவி கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தகரத்தோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"அப்பா! இது உங்க வேலைதானே?"

"வேலை என்னுது. வழி உன் புருஷன் போட்டது. பாறைன்னாரே, அது வழியாத்தான் வந்திருக்கு."

"பிள்ளைங்க நடுங்கிப்போய் நிக்குதுங்க. இதுல உங்களுக்குப் பெருமை வேறயா?"

"நடுங்கினாலும் வெளிய நிக்குதுங்கல்ல? அதான் பெருமை."

தொட்டி கட்டும் மேஸ்திரியும் ஆட்களும் கூடிவிட்டார்கள். எப்போதும் தரையையே பார்த்து நடக்கிறேன் என்று இந்தத் தீவில் எனக்குப் 'பாதாளம்' என்று பெயர். உங்களுக்குத் தெரியும். மேஸ்திரி அவளிடம், "டீச்சர், பாதாளத்தாரை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டுங்க, இல்லேன்னா ஒருநாள் அவரே உள்ள போய்ப் பாத்துட்டு வந்துருவாரு" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். பிள்ளைகளும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தன.

அன்று மாலையே விரிசலில் சிமெண்டு பூசிவிட்டார்கள். அவள் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டு போட்டு மூடிவைத்துவிட்டுப் போகிறாள்.

பைத்தியக்காரன் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தொட்டியை நிறுத்துங்கள். கையெடுத்துக் கேட்கிறேன். இதுவரை யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

மாமனார்


பிப்ரவரி 26

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இந்தமுறை சிரிக்க முடியவில்லை. பாறைத் துண்டுகள் வைத்திருக்கும் கொட்டகைக்குப் போய், ஒன்பதாம் கோட்டின் பெட்டிகளை இறக்கி ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்தேன். விரல் நுழைய ஒரு ஓட்டை இல்லை. நல்ல பாறை. உங்கள் புகையும் பொய்யில்லை. விரிசலைப் பற்றி அவளுக்குப் போன் செய்தேன். சிமெண்டு பூசிய இடம் மறுநாளே திரும்ப விட்டுவிட்டதாம்.

அப்படியென்றால் பாறையும் உண்மை, புகையும் உண்மை. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது.

மாமா, நீங்கள் ஒன்பதாம் கோடு போட்டு அளந்த அந்த இரண்டு நாளும் நான் காய்ச்சலில் உங்கள் வீட்டுத் திண்டில் சாய்ந்து கிடந்தேன். அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாங்கள் முதல்முறை பேசினோம். முதல் முளை இருந்த இடத்தையும் கடைசி முளை இருந்த இடத்தையும் மட்டும்தான் பிறகு வந்து இடம் குறிக்கும் கருவியில் குறித்தேன். நடுவில் நேர்கோடு என்று நானே எடுத்துக்கொண்டேன். துளைபோட வந்தவர்களும் நீங்கள் சிவப்புச் சாயம் அடித்து எண் எழுதிவைத்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சரிபார்க்காதது என் தவறு. அதை எழுதிக் கொடுக்க நான் தயார்.

ஆனால் அது மட்டும் போதாது. துளையும் புகையும் ஆதாரம் இல்லை என்கிறார் அதிகாரி. கோடு வரைபடத்தில் இருக்கிறபடி போகவில்லை என்று கோடு போட்டவரே எழுதிக் கையெழுத்திட்டால்தான் வேலையை நிறுத்த உத்தரவு போட முடியுமாம்.

வரைபடத்தில் பள்ளிக்கூடமும் தொட்டியும் நிற்பது பதினொன்றுக்கும் இருபதுக்கும் நடுவில். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். பதினோராம் முளையிலிருந்து இருபதாம் முளைவரை எங்கே அடித்தீர்கள்?

இதை அவளிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மாப்பிள்ளை


மார்ச் 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்து நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு முறை உங்களைத் திட்டி எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

பதினோராம் முளை. சாதாரணமாகச் சுத்தியலால் முப்பது அடி வாங்கித்தான் இறங்கும். அன்று மூன்றே அடியில் கழுத்துவரை போய்விட்டது. பன்னிரண்டாவதைக் கையால் ஆட்டினாலே ஆடியது. மண் நன்றாகப் பிடிக்கட்டும் என்று வழக்கம்போல் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு குடம், இரண்டு குடம், ஐந்து குடம். ஊற்ற ஊற்றக் குடித்தது, ஈரமே நிற்கவில்லை. கருவியில் எண் ஒரு இடத்தில் நிற்காமல் குதித்தது. பதிமூன்று, பதினான்கு, எல்லாம் அப்படித்தான்.

அப்போது நீங்கள் என் மாப்பிள்ளை இல்லை. ஆக வேண்டும் என்று நான் மட்டும் மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். படித்த பையன் காய்ச்சலில் கிடக்கிறான், எழுந்து நோட்டைப் பார்க்கும்போது அளவெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும், இந்த வீட்டு மனுஷன் சரியான வேலைக்காரன் என்று நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் வேலையில் ஒரு எண்கூடக் குதித்தது கிடையாது என்ற திமிரும் இருந்தது. பத்து முளைகளையும் பிடுங்கினேன். வடக்கே அறுபது எட்டு தள்ளிப் போய் அடித்தேன். அங்கே முப்பது அடி வாங்கித்தான் இறங்கியது. எண் ஆடாமல் நின்றது. சாயம் அடித்தேன். இருபத்தொன்றாம் முளைக்கு மறுபடி பழைய கோட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

கெட்ட அளவு என்று நான் தூக்கிப் போட்டேனே, அந்த மண் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

இது எனக்கு எப்போது உறைத்தது என்று கேட்பீர்கள். அந்தத் துளையைப் பார்த்த அன்றே. அடியில் காற்று என்று எப்படியாவது நிரூபித்துவிட்டால் முளையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பாறைக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவர் என்று பழி உங்கள்மேல் போகட்டும் என்றுதான் நூற்றுப் பதினேழாம் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். உங்கள் தவறு என்று எழுதிய முதல் வரியைத் திரும்பப் பெறுகிறேன். முழுவதும் இல்லை. சரிபார்க்காதது உங்களுடையதுதான்.

இன்று காலை அவளிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு திரும்பினாள்.

"பதினோரு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எட்டு மாசமா என்னை அங்க நிக்க வெச்சீங்க."

கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னைன்னா போகட்டும்ப்பா. அந்தப் பிள்ளைங்க உங்களை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் மேட்டுக்கு ஓடினாள்.

தொட்டியை நாளை மறுநாளே நிரப்பிப் பார்க்கப் போகிறார்களாம். பத்தாம் தேதிவரை பொறுக்க மாட்டார்களாம். அதனால் இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இந்தக் கடிதத்தை அப்படியே ஃபைலில் வைத்து முத்திரை குத்துங்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு வரியையும் அடிக்கக் கூடாது.

உங்கள் அதிகாரி இன்றே நிறுத்த உத்தரவு போட வேண்டும். கோடு போட்டவனின் கையெழுத்து கேட்டார், கீழே இருக்கிறது.

அலுவலகம் பழைய இடத்தில் அந்தப் பத்து முளைகளையும் மறுபடி அடிக்க ஆள் அனுப்ப வேண்டும். இடத்தை நான் காட்டுகிறேன். அடிப்பது வேறு ஒருவராக இருக்கட்டும். எண் குதித்தால் குதித்ததென்றே எழுதச் சொல்லுங்கள்.

மேற்குக் கரைக்காரர்களுக்கு வீடு வேண்டும். கடல் அவர்களுக்காகக் காத்திருக்காது. வடக்கே அறுபது எட்டுக்கு அப்பால் நல்ல பாறை இருக்கிறது என்பதற்கு உங்களிடம் பெட்டி பெட்டியாகச் சாட்சி இருக்கிறது. அங்கே இன்னும் நாலு துளை போட்டுப் பார்த்து, அங்கே கட்டச் சொல்லி நீங்கள்தான் எழுத வேண்டும்.

அவள் பிள்ளைகளைப் பழைய கட்டடத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். யாருடைய உத்தரவும் கேட்கவில்லை. அதற்காக அவள்மேல் நடவடிக்கை வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அவள் உங்களோடு வந்து இருக்கிறேன் என்றால் அழைத்துக்கொண்டு போங்கள். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வரலாமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

படகுக்காரர் இதை உங்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். வேறு மேசையில் வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். உத்தரவு நாளைப் படகிலேயே வர வேண்டும்.

அதுவரை தொட்டியில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்வது நான். குழாயைத் திறக்கும் கைச்சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். அது இப்போது என் மடியில் இருக்கிறது, இதை அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பில், அந்த விரிசலுக்கு நேர்மேலே உட்கார்ந்திருக்கிறேன். மேஸ்திரியின் ஆட்கள் பத்துப் பேர். நாளைக்குள் சக்கரத்தைத் தேடி இங்கே வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் கோட்டின் முளைகளை அடித்தவன்