உபரி என்ற சொல்லுக்கு இரண்டு மதிப்பெண்

சிதம்பரம், வியாழக்கிழமை.

தணிகாசலம் ஆகிய நான், பூச்சியம் போட்ட ஒரு விடையைப் பற்றி எழுதிவைக்கிறேன். எழுதாமல் தூக்கம் வராது.

கடலூரில் நடக்கும் வரலாற்று வினாடிவினாவுக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரைத்தான் அனுப்பலாம். அதற்காகப் பண்டைய நாகரிகங்களின் கலைச்சொற்களில் தேர்வு வைத்தேன். 'உபரி' என்பதற்கு என் விடைக்குறிப்பு: தேவைக்கு மேல் விளைந்து சேமிக்கப்படும் தானியம். பிச்சாவரத்து மீனவர் வீட்டு மஞ்சுளா எழுதியது: மிஞ்சிய மீனை உப்பிட்டுக் கருவாடாக்கி மழைக்காலத்துக்கு வைப்பது. குறிப்பில் இல்லை என்று பூச்சியம் போட்டேன். அவளை ஒரே மதிப்பெண்ணில் முந்தியவள் என் மனைவியின் தம்பி மகள்.

மதியம் மஞ்சுளாவின் தாய் விடைத்தாளுடன் வந்தார்.

"ஏன் சார், நெல்லு மட்டுந்தான் மிஞ்சுமா? கடலுக்குப் போவாத மாசத்துல நாங்க என்னாத்த துன்றோம்னு நெனச்சீங்க?"

"விடைக்குறிப்பில் இருப்பதற்குத்தான் மதிப்பெண். அதுதான் விதி" என்றேன்.

"அத எழுதுனது யாரு சார்?"

விடைத்தாளை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன்.

மாலையில் மைத்துனன் போனில் பேசினான். "பாப்பாவுக்குப் புது டிரஸ் எடுத்தாச்சு மாமா. நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவல?"

அந்த வார்த்தைக்குப் பிறகே பாடநூலைத் திறந்து பார்த்தேன். அதில் 'உணவு' என்றுதான் இருக்கிறது. தானியம் என்று சுருக்கியவன் நான்.

நாளை காலை ஒன்பது மணிக்குத் தேர்வானவரின் பெயர் கடலூருக்குப் போகும். அதற்குள் விடைக்குறிப்பைத் திருத்திக் கையொப்பமிட்டு, மஞ்சுளாவுக்கு இரண்டு மதிப்பெண்ணும் போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுப்பேன். மைத்துனனுக்கு அதற்கும் முன்பாக நானே சொல்லிவிடுவேன்.