வடக்கே போன விமானத்துக்கு இரட்டை விசில்

என் பிரியமான மாமாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்குச் சந்தவாசல் வந்திருந்தோம். உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது, அத்தை விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். "உங்க மாமாதான் ஊதறாரு, வேற யாரு" என்று சலித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லறை முன்னால் சிரித்ததற்கு அருள் என்னை முறைத்தார். உங்கள் மகன் மாறவே இல்லை மாமா, சிரிக்க வேண்டிய இடத்தில்தான் முறைப்பார்.

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலூருக்கும் போளூருக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டர். உங்கள் மருமகளான நான் விமானம் ஓட்டுகிறவள். "இனிமே எங்க வூட்ல ரெண்டு பேரு வண்டி வேலை" என்று பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னீர்கள். எங்கள் அப்பாவுக்கு முகம் சுருங்கியது. எனக்கு உங்களை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

முதலில் நல்ல செய்தி. நாலாவது கோடு வந்துவிட்டது. துணை விமானியின் தோளில் மூன்று கோடு, கேப்டனுக்கு நாலு என்று எப்போதோ நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சீருடையோடு வரும்போதெல்லாம் "இன்னாம்மா, இன்னும் மூணுதானா?" என்று கேட்பீர்களே. நீங்கள் போனதற்கு அடுத்த மழைக்காலத்தில் கேப்டன் ஆனேன். முதல் நாள் கேப்டனுக்கான இடப்பக்க இருக்கையிலிருந்து எழுந்து வந்ததும், என்னையறியாமல் கை போனை எடுத்து உங்கள் நம்பரைத் தேடியது.

இனி சிக்கலைச் சொல்கிறேன். ஒரு பெரிய கம்பெனி என்னைக் கூப்பிடுகிறது.

நான் இருப்பது சின்ன கம்பெனி. இறக்கையில் காத்தாடி வைத்த விமானங்கள், சேலம் மாதிரி ஊர்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சேலத்தில் பெட்டி ஏற்றுகிற முருகேசன் அண்ணன், "பாப்பாவுக்கு ஜொரம் விட்டுச்சா மேடம்?" என்று கேட்காமல் வண்டியை அனுப்ப மாட்டார். ஆனால் என்னோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். விமானம் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை என்று சில நாள் காலை சர்வீஸே ரத்தாகிறது. இது எத்தனை நாள் ஓடும் என்று யாருக்கும் தெரியவில்லை.

போகலாம் என்றால், அங்கே நான் மறுபடியும் துணை விமானி. எங்கள் வேலையில் கம்பெனி மாறினால் வரிசையின் கடைசியில் போய்த்தான் நிற்க வேண்டும். ஜெட் வேறு எனக்குப் புதிது. நாலாவது கோட்டைக் கழற்றிவிட்டு வலப்பக்க இருக்கைக்குத் திரும்ப வேண்டும். அது மறுபடி தோளில் ஏற எத்தனை வருடம் ஆகுமோ? என்னைவிடச் சின்னவன் ஒருவன் கேப்டனாக உட்கார்ந்துகொண்டு, "மேடம், நீங்க ரேடியோ பாத்துக்கோங்க" என்பான். என் கோபம் உங்களுக்குத் தெரியாததா?

அருளிடம் கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவா இவரைக் கட்டிக்கொண்டேன்? முன்பே அங்கே போய்விட்ட தோழியைக் கேட்டேன். "வேலை நல்லா இருக்குப்பா. பக்கத்துல உக்கார்றவர் பேரைத்தான் தெனம் புதுசா கேட்டுக்கணும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட்பதற்கு நீங்கள் ஒருவர்தான் பாக்கி.

உங்களைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. நான் இன்னும் பறப்பதே உங்களால்தான். பாப்பா பிறந்த பிறகு என்னைப் பெற்ற அம்மாவே, "பறந்தது போதும், வூட்டோட இரு" என்றாள். மற்றவர்கள் அதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் பாப்பாவை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே, "வண்டி எடுக்கத் தெரிஞ்சவள வூட்ல உக்கார வச்சா வண்டிய யாரு எடுப்பா? நீ போய்ட்டு வாம்மா. இவளுக்கு டிக்கெட்டு நான் போட்டுக்கறேன்" என்றீர்கள்.

சொன்னதோடு விடவில்லை. காலமெல்லாம் டிக்கெட் கிழித்த கை பால் புட்டி கழுவியது. பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கணியம்பாடி டாக்டரிடம் உங்கள் பழைய பஸ்ஸிலேயே போவீர்கள். அவள் வாந்தி எடுத்தால் டிரைவர் ஓரங்கட்டி நிறுத்துவாராம், பயணிகள் முனகினால் அவர்களோடு நீங்கள் சண்டைக்குப் போவீர்களாம். நன்றி என்று நான் வாயைத் திறந்தாலே "சும்மா இரும்மா" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். இப்போது எழுந்து போக முடியாதே. நன்றி மாமா. நன்றி, நன்றி.

அப்புறம் அந்த விசில். "காலைல சேலம் போய்ட்டு, ஒம்போது மணி வாக்குல நம்ம மலைப் பக்கமாத்தான் மாமா திரும்பி வர்றேன்" என்று ஒருமுறை சொல்லிவைத்தேன். மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு கோவிந்தன் டீக்கடை முன்னால் போய் நின்றீர்கள். விமானம் தெரிந்ததும் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ரெண்டு முறை ஊதுவீர்கள். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரட்டை விசிலுக்குக் கிளம்பும். "என் விமானத்துல ஒரு தடவை வாங்க மாமா" என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! "நானும் மேல வந்துட்டா கீழ இருந்து யாரு விசில் குடுக்கறது?" என்று தட்டிக்கழித்துவிட்டீர்கள். கடைசி நாள் காலையிலும் விசில் கொடுத்துவிட்டு வந்துதான், மார் அடைக்கிறது என்று படுத்தீர்களாம்.

கல்லறையிலிருந்து திரும்பும் வழியில், ஒன்பது மணி வாக்கில், அதே கடையில் டீ குடிக்க நின்றோம். கோவிந்தன் அண்ணன் கிளாசை என் கையில் கொடுத்துவிட்டு ஆகாயத்தைக் காட்டினார். "இன்னாம்மா, நீங்க இங்க நிக்கறீங்க, உங்க ப்ளேன் அங்க போவுது? இன்னிக்கு லீவா?"

கடையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வடக்கே, அமிர்தி பக்கம், காட்டுக்கு மேலே வெயிலில் மின்னிக்கொண்டு ஒரு ஜெட் சென்னையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"அவரு போனாலும் நாங்க வுடலம்மா. எங்களுக்கு விசில் அடிக்க வராது, கை காட்டி அனுப்புவோம்" என்றார் அண்ணன்.

மாமா, அது என் விமானம் இல்லை. என் விமானம் அந்தப் பக்கம் வருவதே இல்லை. நான் வருவது தெற்கே, போளூர் பக்கமாக, அதைவிடத் தாழ்வாக, பல நாட்களில் தாமதமாகவும்கூட. வடக்கே போனது பெங்களூரிலிருந்து வரும் காலை விமானம். அது யாருடையது என்று வாலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தினமும் அந்த நேரத்தில் அவர்கள் குரலை ரேடியோவில் கேட்கிறேன். என்னைக் கூப்பிடுகிற அதே பெரிய கம்பெனி!

கண்டக்டர் இல்லையா நீங்கள்? சொன்ன நேரத்துக்கு வந்த வண்டியை நம் வண்டி என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பின்னால் தாமதமாக வந்த என்னை வேறு கம்பெனி வண்டி என்று நினைத்திருப்பீர்கள். நான் தெற்கே போய்க்கொண்டிருக்க, நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊரையே சேர்த்துக்கொண்டு, முன்பின் தெரியாத யாருக்கோ விசில் கொடுத்திருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "ஆமாண்ணே, இன்னிக்கு லீவு" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துத் தெற்கே என் கம்பெனி விமானத்தின் இரைச்சல் கேட்டது. கடையில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் மட்டும் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "இத்தினி வருசமா அடுத்தவன் வண்டிக்கா விசில் குட்த்தாரு? நல்ல கண்டக்டரு!" என்றார்கள். சிரித்து முடித்ததும் பெரிய கம்பெனி விஷயத்தையும் சொன்னேன். "மாமா ஆசைப்பட்ட நாலாவது கோடு அத்தே. அதைப் போய்க் கழட்டறதா?" என்றேன்.

"கோடாம் கோடு. உன் தோளைப் பாத்து ஏதாச்சும் பேசணும்னு கேப்பாரு, அத்த நீ பெருசா எடுத்துக்கினியா? வண்டி நேரத்துக்கு வந்திச்சா, நீ பத்திரமா எறங்கினியா, அவருக்கு அவ்ளோதான். வண்டி வர்லன்னாதான் மனுசனுக்குச் சோறு எறங்காது."

அத்தை அடுப்பைப் பார்க்க எழுந்து போனபிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆள் இல்லாமல் எங்கள் சர்வீஸ் ரத்தான காலைகள் உங்கள் காலத்திலேயே இருந்தன. அந்த நாட்களில்கூட நீங்கள் கவலைப்படவில்லை. வடக்கே அந்த விமானம் நேரத்துக்கு வந்தது, விசில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்திருக்கிறீர்கள். என் மாமாவை ஒரு நாள்கூடத் தவிக்கவிடாமல் பார்த்துக்கொண்ட அந்த விமானத்துக்கும், அதை ஓட்டி வந்த பெயர் தெரியாதவர்களுக்கும் எனக்கு நன்றிக்கடன் இருக்கிறது.

உங்களைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுதப் பதில் தெரிந்துவிட்டது. போகிறேன் மாமா. வருத்தம் இல்லாமல் இல்லை. முருகேசன் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் இருக்கைக்கு இன்னொருவர் கிடைக்கும்வரை சேலத்துக்காரர்கள் என்ன செய்வார்கள் என்றும் தெரியவில்லை. கிளம்பும்வரை இன்னும் சில மாதம் நான்தான் கேப்டன், அதுவரை ஒரு சர்வீஸும் என்னால் நிற்காது.

சீருடைத் தோளில் மாட்டுகிற நாலு கோட்டுப் பட்டை இரண்டு ஜோடி வைத்திருந்தேன். ஒரு ஜோடியை உங்கள் படத்துக்குக் கீழே, விசில் மாட்டியிருந்த ஆணியில் மாட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விசிலை அத்தையிடம் கொடுத்தேன். "எனக்கு ஏதும்மா அவ்ளோ மூச்சு" என்றார்கள், ஆனாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

புது வேலையில் என்றைக்காவது அந்தக் காலை விமானம் என் முறைக்கு வரும். பெங்களூரிலிருந்து வரும்போது நம் மலை வலப்பக்கம் இருக்கும். கேப்டன் பக்கத்து ஜன்னலில் தெரியாது, துணை விமானிக்குத்தான் தெரியும். அமிர்திக் காடு முடிந்ததும் கீழே சந்தவாசல் ரோட்டைத் தேடுவேன்.

இத்தனை வருடம் நீங்கள் விசில் கொடுத்து அனுப்பிய விமானத்தில் நான் இருந்ததில்லை மாமா. அன்றைக்கு இருப்பேன்.

மூன்று கோட்டுக்குத் திரும்பும்
உங்கள் வீட்டு வண்டிக்காரி,
மருமகள் ஸ்டெல்லா