எழுமலை மாப்பிள்ளையின் கட்டைவிரல்

ஆனையூர்
21-8-1938

சிரஞ்சீவி மலையாண்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம். மனசு எப்படி என்பதை மனோதத்துவம் படிக்கிற நீ கல்கத்தாவில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடுகிறாய், ஆகையால் அதை நான் எழுதவில்லை. கடுகெண்ணெய்ச் சமையல் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா? ராத்திரியில் மோர் குடிக்காதே. இங்கே இன்னும் மழை இல்லை, கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி.

உன் ஆடி மாதக் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன், வாசித்திருக்கக் கூடாது. உன் தங்கச்சி தங்கப்பொண்ணுக்குப் பேசியிருக்கிற எழுமலை உக்கிரபாண்டியோடு சித்திரையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாய். அதற்குள் அவன் 'இன்ட்ரோவர்ட்' ரகம், மனசு வெளியே வராமல் உள்பக்கமே திரும்பிக் கிடக்கிறவன், முகம் பார்த்துப் பேசவில்லை, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான், அடக்கிவைத்த ஏதோ ஒரு குற்றம் விரல் வழியாக வெளியே வருகிறது, இவனைக் கட்டினால் தங்கச்சிக்கு நிம்மதி இராது என்று நாலு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டாய். உன் அம்மா, படிச்ச புள்ள சொல்லுது, குத்தம்னு வேற எழுதியிருக்கு, எம்மகளை நான் அங்கிட்டுத் தள்ளமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஆவணி பிறந்ததும் அவர்கள் சோழவந்தான் வெற்றிலைக் கட்டோடு நிச்சயத்துக்கு வந்தார்கள். கொண்டுவந்ததை வைத்தார்கள், உன் அம்மா பதில் வெற்றிலை எடுத்து மாற்றவில்லை, திருப்பி எடுத்துப்போகவும் சொல்லவில்லை. கட்டு ஈரத்துணிக்குள் மூலையில் கிடந்தது. பையனின் தாயார் ஒச்சாயி படியிறங்கும்போது, உங்க வீட்டு வெத்தலைக்கு ஆயுசு எம்புட்டுன்னு பாக்குறோம் அண்ணே, வாடிப்போச்சுன்னா நாங்க வேற எடம் பாத்துக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தங்கப்பொண்ணு அன்றைக்குச் சாப்பிடவில்லை. ராத்திரி என்னிடம் வந்து, அன்னைக்கு நான் கதவுக்குப் பின்னாடிதானப்பா நின்னேன், அண்ணன் மூச்சு விடாமக் கேள்வி கேட்டுச்சு, அவரு வாயைத் தொறக்கறதுக்குள்ள அடுத்த கேள்வி, இதுல யாரு பேசலைன்னு எழுதியிருக்கு என்றாள். உங்கள் சர்வகலாசாலையில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா?

நீ விட்டுப்போன புத்தகங்களை நானும் வாசித்தேன், வாத்தியார் வேலையில் எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். வியன்னா டாக்டருக்கு எல்லாம் குழந்தைப் பருவத்திலேயே முடிந்துபோகிறது, அமுக்கிவைத்த ஆசைதான் கனவாகவும் கைப்பழக்கமாகவும் கிளம்புகிறதாம். அவரோடு சண்டை போட்டுப் பிரிந்தவர் ஆசையாவது ஒன்றாவது, தாழ்வுணர்ச்சிதான் வேர் என்கிறார். சூரிச்காரர் மனித ஜாதியையே உள்ளே பார்க்கிறவன், வெளியே பார்க்கிறவன் என்று இரண்டு தொழுவத்தில் பிரித்துக் கட்டிவிட்டார். ஜெர்மனியில் ஒருவர் உடம்பை அளந்து குணத்தைச் சொல்லுகிறார், குண்டன் கலகலப்பானவன், ஒல்லியன் ஒதுங்குகிறவன். அமெரிக்காவில் ஒருவருக்குப் பிறப்பே ஒன்றுமில்லை, பழக்குவதில்தான் எல்லாம். அங்கேயே இன்னும் இரண்டு பேர் குணத்தைச் சொல்லும் சொற்களாக அகராதியிலிருந்து பதினெட்டாயிரம் பொறுக்கியிருக்கிறார்கள், பொறுக்கியதை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் நிற்கிறார்கள். ஒருவர் சொல்வது மெய்யானால் மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும், ஆனால் எல்லாருக்கும் நாற்காலி இருக்கிறது. உசிலம்பட்டிச் சந்தைத் தரகனும் மாட்டின் சுழியைப் பார்த்து இது குடியைக் கெடுக்கும் என்பான், ஆனால் அவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பான்.

குண்டன் கலகலப்பானவன் என்ற பக்கத்தில் எனக்கு மேலே இருந்த அந்தப் பள்ளிக்கூட அதிகாரிதான் நினைவுக்கு வந்தார். என்னிடம் வேலை பழகின பையனைத் தலைமையாசிரியர் ஆக்கிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்து என் தோளில் தட்டி, பேயாண்டி, நீர் கெட்டிக்காரர்தான், ஆனால் உங்க ஆளுக ரத்தம் ஊருக்கே தெரியுமே, சாவிக்கொத்தை எப்படிய்யா கையில கொடுக்கிறது என்றார். அவரும் ஒரு கொள்கைக்காரர்தான். உன் டாக்டர்களுக்குப் பல ரகம் வேண்டியிருக்கிறது, அவருக்கு ஒன்றே போதுமாக இருந்தது. சர்க்கார் அதையே சட்டமாகப் போட்டது. நம் பக்கத்து ஆண்பிள்ளை தாய் வயிற்றிலேயே திருடன், ஆகையால் பத்து விரலையும் மையில் உருட்டிப் பதிவு செய், இருட்டினால் போலீஸ் ஸ்டேஷன் தாழ்வாரத்தில் வந்து படுக்கச் சொல். எனக்கு வாத்தியார் என்று விலக்குக் கிடைத்தது, நீ அந்தத் தாழ்வாரத்தைப் பார்க்காமல் வளர்ந்தாய். உக்கிரபாண்டி மீசை முளைத்தும் முளைக்காமலும் அங்கே போய்ப் படுத்தவன். நிமிர்ந்தால் அடி, கேட்காமல் வாய் திறந்தால் அடி, கேட்டதற்கு நீட்டிப் பதில் சொன்னாலும் அடி. சட்டை மடிப்புக் கலையாத ஒருவன் எதிரே உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி போட்டால் அவன் தலை தானே குனிந்துகொள்ளும். இதற்குச் சூரிச் வரைக்கும் போகவேண்டியதில்லை, எழுமலை பஸ் போதும். ஊரில் வேறு எவனாவது இந்தத் தப்பைச் செய்யட்டும். நம் வீட்டுப் பிள்ளை செய்யலாமா?

முந்தாநாள் நானே எழுமலைக்குப் போனேன். அவன் கிணற்றடியில் இருந்தான், பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவன் விரலைத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் கையைப் பார்த்துவிட்டு, மாமா, உங்களுக்குமா என்றான். குனிந்து பார்த்தால் என் கட்டைவிரலும் அதேபோல் ஓடிக்கொண்டிருக்கிறது. விலக்கு வருவதற்கு முன்னால் என் விரலையும் ஒருதரம் உருட்டினார்கள், நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். மை போய் இருபது வருஷம் ஆகிறது. எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தாயே, என்றைக்காவது பார்த்தாயா? அவன் சிரித்தான், மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சாலும் போகமாட்டேங்குதே மாமா என்றான். அதற்குப் பிறகு பொழுது சாயும் வரைக்கும் அவன்தான் பேசினான், உன் இன்ட்ரோவர்ட். கடலை விலை, கிணற்றில் ஊற்று, பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பைத் தின்றது. கடைசியில் தங்கப்பொண்ணு நல்லா வாசிக்குமாமே, எனக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்குமா என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என் கையை நீட்டிக் காட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்கிற கைதான். வெற்றிலைக் கட்டைப் பிரித்து, வாடின வெற்றிலையைக் கழித்துவிட்டு நல்லதைத் தட்டில் அடுக்கினாள். நேற்று ஒச்சாயியை வரவழைத்துத் தாம்பூலம் மாற்றியாயிற்று. என்னண்ணே, கல்கத்தாவுல இருந்து உத்தரவு வந்துருச்சா என்று அவள் கேட்டதற்கு உன் பெயரால் நான்தான் தலை குனிந்து நின்றேன்.

தையில் கல்யாணம். லீவு எழுதிப் போட்டுவிட்டு வந்து சேர். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார், அவன் பேசட்டும். பரீட்சைக்கு அந்த டாக்டர்கள் சொன்னதையெல்லாம் எழுதி முதலாவதாக வா, நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அம்மா உனக்கு எள்ளுருண்டை அனுப்புகிறாள், பக்கத்து அறைக்காரனுக்கும் கொடு. நீ நோய்நொடி இல்லாமல் நல்ல பெயரோடு நெடுங்காலம் இருக்கவேண்டும். உன் விரலில் பேனா மையைத் தவிர வேறு மை பட்டதில்லை, அதற்காகத்தான் அந்தக் குண்டனின் சிரிப்பை இத்தனை காலம் பொறுத்தேன். அந்தப் பேனாவை வைத்து நீ இன்னொருத்தன் விரலை உருட்டாதே.

எந்த ரகத்திலும் சேராத உன் அப்பா,
பேயாண்டி