அப்பாவின் நடை கவுன்சிலருக்கு எதற்கு?

லாஸ் ஏஞ்சலிஸ்,
அக்டோபர் 9

மகன் எவரார்தோவுக்கு,

உன் உடம்பும் மனமும் நலமாயிருக்க அன்னை மரியாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதைச் சொல்ல நான் காகிதம் எடுக்கவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். கோபத்திலும் எழுத்து வரியைத் தாண்டக் கூடாது என்று கன்னியாஸ்திரிகள் எங்களுக்குக் கற்பித்தார்கள். முயல்கிறேன்.

கோடையில் பங்குக் கோயில் மண்டபத்தில் ஒரு நாற்காலியையும் ஒரு துண்டையும் வைத்துக்கொண்டு, தனியாளாக நம் தெருவையே மேடையில் நிறுத்தினாய். சலவைக்கடையில் சண்டை போடும் பெண்கள் சரி. வாக்குச்சாவடிக்குள் போய்ச் சோளமாவுத் தமாலே கூவி விற்கிறவளும் சரி. என்னையும் நடித்தாய். நான் அப்படி மூக்கை உயர்த்துவதில்லை, போகட்டும். ஆனால் கவுன்சிலர் பெனாவிதெஸுக்கு உன் அப்பாவின் நடையை ஏன் கொடுத்தாய்? தொப்பியை மார்பில் வைத்து, ஒரு காலைப் பின்னால் இழுத்து, "ராணியம்மா, பசியோட ஒரு ஏழை வந்திருக்கேன், விரட்டிடாதீங்க" என்று சொன்னது யார்? பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுப் படியேறி வந்து உன் அப்பா உபால்தோ என்னிடம் சொன்னது அது.

கவுன்சிலரிடம் ரசிக்க ஒன்றும் இல்லை. அதனால் கைக்குக் கிடைத்ததை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டாய். மண்டபம் குலுங்கியது. முதல் வரிசையில் அவனே உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். மறுவாரம் ஒரு தொப்பி வாங்கிவிட்டான்.

நம் கட்டடத்தை இடித்து ஓட்டல் கட்டுவதற்கு வாடகைக்காரர்களின் சம்மதம் கேட்டு அவன் வீடு வீடாக அலைவது உனக்குத் தெரியும். போன வருடம் யாரும் கதவுச் சங்கிலியைக்கூடக் கழற்றவில்லை. இப்போது தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு வருகிறான், எல்லோரும் திறக்கிறார்கள். எதிர்வீட்டுச் சொக்கோரோ கையெழுத்தே போட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"என்ன பண்ணச் சொல்றீங்க, தோன்யா எர்மெலிந்தா? அந்த ஆளு வந்து நின்னதும் உங்க பையன் நடிச்சது ஞாபகம் வந்து சிரிச்சுட்டேன். சிரிச்ச வாயால மாட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்கிறாள்.

"வீடு போனப்புறம் எந்த வாயால அழுவே?" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் குத்தம்தான். அந்தக் கவுன்சிலரு உங்க வீட்டுக்காரரு மாதிரியே எவ்வளவு தன்மையாப் பேசுறாரு!" என்றாள். உபால்தோ கையால் காப்பி வாங்கிக் குடித்தவள் பேசுகிற பேச்சு!

செவ்வாய்க்கிழமை பெனாவிதெஸ் என் கதவுக்கும் வந்தான். அடுப்பில் பீன்ஸ் வைத்திருந்தேன். படியில் குரல் கேட்டது: "ராணியம்மா, பசியோட ஒரு ஏழை..." நான் ஓடினேன். யார் என்று கேட்கவில்லை. சமையல் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. கதவை விரியத் திறந்தேன்.

அவன் நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கதவைச் சாத்த எனக்கு நேரமாயிற்று. பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்காதே.

பதினேழாம் தேதி மண்டபத்தில் கட்டடத்தைப் பற்றிய கூட்டம். பாதிரியாரிடம் பேசி, அதற்கு முன் உனக்கு அரை மணி வாங்கியிருக்கிறேன். நீ அங்கே சிரிக்கவைக்கிற சிகாகோக்காரர்கள் ஒரு வாரம் சிரிக்காமல் இருக்கட்டும். நீ வந்து அவனை அவனாகவே நடி. பேசும்போதே கடிகாரம் பார்ப்பதை நடி. உன் அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று, துக்கத்துக்கு வந்தவர்களிடம் வாக்குக் கேட்டதை நடி. யாரும் சிரிக்காவிட்டால் போகட்டும். அன்றைக்குச் சிரிக்காமல் இருந்தால்தான் நல்லது.

அப்பாவின் நடையை இனி மேடையில் யாருக்கும் கொடுக்காதே. நீ வருகிற அன்று மட்டும், படியேறும்போது, வேண்டுமானால் அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிக்கொண்டு ஏறு.

சாப்பாட்டு வேளைக்கு வந்து சேர். வழியெல்லாம் ஆண்டவர் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் தாய்,
எர்மெலிந்தா,
உபால்தோவின் மனைவி